கீச்சானும் இருபத்தொரு சொம்பும்

என் மனைவி வேதவதிக்குத் தெரியாமல் வீட்டில் ஒரு மீன் வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். மீன் வாடையே அறியாத ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் எனக்கு முன்னால் எவனும் துணியாத காரியம்!

வேறு வழியில்லை, ஸ்வாமி. திருச்சிக் காலேஜ் ஒன்றில் பிராணி சாஸ்திர லாபரேட்டரியில் பத்து வருஷமாகப் புட்டி கழுவுகிறேன். டெமான்ஸ்ட்ரேட்டர் ஆக வேண்டுமானால் ஒரு பரீட்சையில் கடலோரத்துச் சிறு மீன்களைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்ல வேண்டுமாம். நானோ துவரம்பருப்பு எது, கடலைப்பருப்பு எது என்றே தடுமாறுகிறவன். ஆகவே ஸ்பிரிட்டில் ஊறிய கீச்சான் மீன் ஒன்றைப் புட்டியோடு கொண்டுவந்து, யாரும் போகாத இடமாகப் பார்த்து, கொல்லை விறகுக் கொட்டிலில் ஒளித்தேன். மறுநாள் சாயந்திரம் அங்கே உட்கார்ந்து அதன் முள்ளை எண்ணிவிட்டுத் திரும்பினால், வாசற்படியில் வேதவதி.

"ஏன்னா, உள்ளே வராதேங்கோ! உங்களுக்கு உத்தியோகம் உயரணும்னா தினம் விளக்கு வைக்கறதுக்கு முன்னாடி தலையோட இருபத்தொரு சொம்பு ஜலம் விட்டுக்கணுமாம். ஜோஸ்யர் சொன்னார்."

"மார்கழிடி இது!"

"புட்டி கழுவியே காலம் தள்ளப் போறேளா?"

தினமும் விட்டுக்கொண்டேன். பல் கிட்டியது, மனசு நிறைந்தது. என் உயர்வில் இவளுக்கு எத்தனை அக்கறை!

பரீட்சைக்கு முதல் நாள், கீச்சானின் உடம்புக் கோடுகளை மட்டும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

"என்னன்னா அது?"

"புடவைக் கரை."

பென்சிலைப் பிடுங்கினாள். "மூணு கோட்டையும் ஸ்கேல் வச்சா போடறது? நடுவிலே தொங்கணும், தூளி மாதிரி."

கோலம் போடுகிற பெண்ணுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் புரொபஸர் இரண்டு கீச்சான்களை நீட்டினார். வெள்ளி உடம்பு, செவுளில் முள், கறுப்புக் கோடுகள். இரட்டைப் பிள்ளைகளேதான்.

"இரண்டும் ஒரே இனம்தானே?" என்றார்.

ஆமாம் என்று வாயைத் திறந்தவனுக்குத் தூளி ஞாபகம் வந்தது.

"இல்லை ஸார்! இதில் கோடு நேராக ஓடுகிறது, அதில் தொங்குகிறது. வேறு வேறு இனம்!"

புரொபஸர் கை குலுக்கினார். உத்தியோகம் எனக்கே!

வீட்டுக்கு ஓடினேன். "வேதா, பலிச்சுடுத்து! அந்த ஜோஸ்யர் ஆத்தைக் காட்டு, சேவிச்சுட்டு வரேன்."

"ஜோஸ்யராவது ஒண்ணாவது! தினம் விறகு எடுக்கறவ நான்தானே? மீனைத் தொட்டுண்டு பெருமாளுக்குத் தளிகை பண்ற உள்ளுக்கு வரேளேன்னுதான் முழுகச் சொன்னேன். உங்க உத்தியோகத்துக்காச்சேன்னு அதை விட்டு வச்சேன்." கிணற்றடியைக் காட்டினாள். "டெமான்ஸ்ட்ரேட்டருக்கு நாற்பத்திரண்டு சொம்பு!"