சோடியம் வாத்தியாரின் கறுப்பு நெருப்பு

கோலசிலாங்கூரில் சோடியம் வாத்தியாரைப் போல ஒரு பிறவி முன்னும் பிறந்ததில்லை, பின்னும் பிறக்கப் போவதில்லை. பிறந்தால் எங்கள் தாமான் குடியிருப்பு தாங்காது.

எனக்கு அடுத்த வீடு. பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். வீட்டு வாசலில் மஞ்சள் சோடியம் விளக்கைத் தொங்கவிட்டு, அதன் முன் நெருப்பு மூட்டி உப்பைத் தூவுவார். உப்பிலிருந்து எழும் சோடியம் ஆவி அந்த மஞ்சள் வெளிச்சத்தை எவ்வளவு விழுங்குகிறது என்று மீட்டர் வைத்து அளப்பார். இந்தக் கூத்தைப் பார்த்தே பல சம்பந்தங்கள் தட்டிப் போயின. வயதோ நாற்பதை நெருங்கிவிட்டது.

போன வருடம் சுங்கை பெசாரிலிருந்து மாலினி என்ற பெண்ணின் வீட்டார் அவளையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். "அந்த வெளக்க மட்டும் போட்டுத் தொலைக்காத லா" என்று வாத்தியாருடைய அக்கா காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தார். பொழுது சாய்ந்ததும் மனுஷன் வெள்ளை விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு அதைத்தான் போட்டார், வாசல் அழகாக இருக்குமாம்! அந்த மஞ்சள் வெளிச்சத்தில் பெண்ணின் சிவப்புப் பட்டு சாம்பல் நிறமாகிவிட்டது.

அப்படியும் பேச்சு கூடி வந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இருவரையும் சேர்த்து நிற்கவைத்து, "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, கொள்ளிக் கண்ணு" என்று உப்பும் மிளகாயும் சுற்றி, வாசலில் எரிந்த தேங்காய் மட்டையில் போட்டார்.

நெருப்பு கறுத்துவிட்டது. விளக்குக்கு முன்னால் கரிக்கட்டை நிறத்தில் நின்று ஆடியது.

"ஐயய்யோ, நெருப்பே கறுத்துப் போச்சே! இந்தச் சம்பந்தம் வேணாம்ப்பா!" என்று பெண்ணின் அத்தை அலறினார். பெண்ணின் அப்பா கார்ச் சாவியை எடுத்துவிட்டார்.

நம்மாள் என்ன செய்யவேண்டும்? அவர் கையைப் பிடித்துக் கெஞ்ச வேண்டாமா? மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "யாரும் அசையாதீங்க! இதுவரைக்கும் இவ்ளோ கறுத்ததே இல்ல! அக்கா, இன்னொரு பிடி போடு!" என்று குதித்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவும் போனால் அந்த ஆளுக்கு வேறு கதியில்லை.

மாலினிக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. மீட்டரை எட்டிப் பார்த்தாள்.

"சார், உப்பு போடறதுக்கு முன்னாடி எவ்ளோ காட்டுச்சு?"

"அத... எடுக்கலையே."

"அப்புறம் எவ்ளோ கொறஞ்சிச்சுன்னு எப்படிச் சொல்வீங்க? என்னா சார் நீங்க! அப்பா, சாவிய உள்ள வைங்க. மறுபடி செய்யணும்."

மீட்டரை வாங்கிக்கொண்டு நெருப்புக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்தாள். "ம், இப்பப் போடுங்க சார்" என்றாள். எத்தனை கிண்டல் செய்திருப்பேன் அந்த மனுஷனை! கை நிறைய உப்போடு, போட மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.