நாலாம் நம்பர் பாட்டு

இந்தியாவில் ஜப்பானியப் பாட்டை அதிகமாகக் கேட்டவர்கள் யார் என்று போட்டி வைத்தால், ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவை அடிக்க ஆளே கிடையாது. தினம் காலை ஆறேகாலுக்கு, கையில் குப்பை வாளியோடு நின்று கேட்டிருக்கிறோம். கேட்க வைத்தவர் குப்பை வண்டி டிரைவர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தெருவுக்கு அவர் ‘ஜப்பான்’.

பெங்களூரில் குப்பை வண்டி சும்மா வராது. ஈரக்குப்பையைத் தனியே கொடுங்கள், உலர்ந்ததைத் தனியே கொடுங்கள் என்று கன்னடத்தில் ஸ்பீக்கர் கெஞ்சிக்கொண்டே வரும். ஜப்பான் வண்டியிலும் முதலில் அதுதான் ஓடியது. அப்புறம் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு ஜப்பானியக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனது. அவர்கள் போட்டுவிட்டுப் போன குப்பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. மனுஷன் அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் போயிருக்கிறார். அவர்கள் விமானமே ஏறிவிட்டார்கள் என்றாராம் வாட்ச்மேன். சரி, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று வண்டியில் செருகினார். ஒன்பது பாட்டு. ஒன்பதும் ஒரே பெண் பாடியது.

அவள் பெயர் அவருக்குத் தெரியாது, ‘அந்தம்மா’ என்பார். நன்றாக அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து பாட உட்கார்ந்தது போல ஒரு குரல். பக்கத்தில் பியானோ மட்டும் மெதுவாக நடந்து வரும். அதைக் குப்பை வண்டியின் குழாய் ஸ்பீக்கரில் கேட்கும் பாக்கியம் எங்களுக்கு.

பாட்டுகளுக்கு அவர் உத்தியோகம் கொடுத்திருந்தார். ஒன்றாம் நம்பர் ஈரக்குப்பைக்கு. தாளம் கொஞ்சம் தூக்கலான இரண்டாம் நம்பர், புதன், சனியில் உலர்குப்பைக்கு. மூன்றாம் நம்பர், தெருவில் யாராவது தவறிப்போனால், அதுவும் பாதி சத்தத்தில். ஐந்து முதல் ஒன்பது வரை அவருடைய சொந்த உபயோகத்துக்கு, டீ குடிக்கும்போது.

நாலாம் நம்பர்தான் பொல்லாதது. அந்தம்மா உச்சத்துக்குப் போய், குரல் உடைந்து, யாரையோ மன்றாடுவாள். ஈரத்தையும் உலர்ந்ததையும் கலந்து கொடுக்கிற வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தி அதை முழுசாகப் போடுவார். வீட்டுக்காரர் நடுத்தெருவில் குந்தி, வாழைப்பழத் தோலையும் பால் கவரையும் பிரித்து முடிக்கும்வரை அது ஓடும். எதிர்வீட்டு பிலோமினா அக்கா ஜன்னலைத் திறந்து, “யார் வூட்ல நாலு?” என்று கேட்பார்.

எனக்கோ அமெரிக்காக்காரனுக்கு விடிய விடிய வேலை பார்க்கிற பிழைப்பு. ஐந்து மணிக்குப் படுத்தால் ஆறேகாலுக்கு அந்தம்மா எழுப்பிவிடுவாள். மனைவி டீச்சர், ஆறு மணிக்கே விவேக் நகர் பள்ளிக்கூடத்துக்கு பஸ் பிடிக்க ஓடுகிறவள். ஆகவே குப்பை என் இலாகா. மூன்று வருடமாகத் தூக்கம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கண்ணில் மிளகாய்த்தூளைக் கொட்டின மாதிரிதான் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்குவேன். அப்படி இறங்கிய ஒரு நாள், எந்த வாளியில் எதைப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ஜப்பான் எட்டிப் பார்த்தார். நாலாம் நம்பர் ஆரம்பித்தது.

லுங்கியோடு குந்தி மீன் செதிலிலிருந்து மருந்து அட்டையைப் பிரித்தெடுத்தேன். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திறந்தது.

மாடியேறிய வேகத்தில் போனிலேயே மாநகராட்சிக்குப் புகார் எழுதினேன். இங்கிலீஷில். பொது அமைதிக்குப் பங்கம், புரியாத மொழி, நோயாளிகள் அவதி என்று தெருவில் இல்லாத நோயாளிகளையெல்லாம் சேர்த்துக்கொண்டேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன், பொய் சொல்வானேன்.

நான்காம் நாள் மத்தியானம் கதவைத் தட்டினார் ஜப்பான். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் பெயரை நீக்கிய என் புகார். யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்களாம். எழுத்தில் பதில் கொடுக்காவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிக்கொள்வேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

“நீங்க படிச்சவரு. ஒரு பதில் எழுதிக் குடுங்க சார்” என்றார்.

உட்காரச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தேன். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பத்தொன்பது வருசமா இந்த வேல பாக்கறேன் சார். வாளியக் குடுக்கறப்ப எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. இந்தப் பாட்டு போட்ட பொறவுதான், இன்னிக்கு எந்தப் பாட்டு ஜப்பான்னு என் மூஞ்சியப் பாத்துக் கேக்கறாங்க. இத எடுத்துட்டா நான் மறுபடி வெறும் கஸா வண்டி, குப்ப வண்டி சார்.”

குற்ற உணர்ச்சியில் எழுதினால் இங்கிலீஷ் எப்படி வருகிறது என்கிறீர்கள்! என் புகாரை வரிவரியாக நானே கிழித்தேன். தெருவில் நோயாளிகளே கிடையாது என்று அடித்துச் சொன்னேன். கடிதம் ஜெயித்தது. சூப்பர்வைசர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: பாட்டு ஓடலாம், புகார் கொடுத்தவர் வீட்டு முன்னால் மட்டும் கூடாது. அதற்காக அந்த வீட்டின் கதவு எண்ணையும் ஜப்பானிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் பாட்டு எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னாலேயே நின்றது. வண்டி ஊமையாகக் கடந்து, இரண்டு வீடு தள்ளிப் போய் மறுபடி பாடியது. தெருவுக்கே விஷயம் விளங்கிவிட்டது. நான் எழுந்தால்தானே இதெல்லாம் தெரியும்? பாட்டு இல்லாமல் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் மீன் கழிவு அடுக்களையில் கிடந்து நாறியது. மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது.

அடுத்த நாள் படுக்கவேயில்லை. ஆறு மணிக்கே இரண்டு வாளியையும் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டில் நின்றேன். வண்டி ஊமையாக வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. புகாரை வாபஸ் வாங்கிவிட்டேன், பாட்டைப் போடுங்கள் என்றேன்.

ஜப்பான் முதலில் இரண்டு வாளியையும் எட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

“எது போடட்டும் சார்?”

“நாலு.”

“அது தப்பு பண்ணவங்களுக்கு சார்.”

“தெரியும் ஜப்பான்.”

போட்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். முதல்முறையாக முழு விழிப்போடு அதைக் கேட்டேன். என்ன குரல் அது! எதிர் ஜன்னல் திறந்தது. பிலோமினா அக்கா என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் ஜப்பான் வண்டியில் ஏறினார். “போய்த் தூங்குங்க சார், கண்ணு செவந்து கெடக்குது” என்றார்.

போன வருடம் அவரைச் சிவாஜிநகர் பக்கம் மாற்றிவிட்டார்கள். இப்போது வருகிற வண்டி கன்னடத்தில் கெஞ்சுகிறது, டிரைவர் வாளிக்குள் பார்ப்பதேயில்லை. நான் மட்டும் ஒவ்வொரு பால் கவரையும் கழுவி, பிரித்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஜப்பான் எட்டிப் பார்ப்பார் என்று.