அம்மா போட்ட இரண்டு குளிசைகள்

வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய பெரியண்ணாவுக்கு,

இவ்வளவு காலம் வாய் திறக்காமல் இருந்தது போதும். கனடாவில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் சுகம் என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

உங்களுக்கு இதயத் துடிப்புத் தாறுமாறாகி, இரத்தம் கட்டிபடாமலிருக்கப் புதுக் குளிசை தந்தார்கள். இரத்தச் சோதனை இல்லை, கீரைக்குக் கட்டுப்பாடில்லை. சந்தோஷம். அம்மாவுக்கும் அதே துடிப்புத்தானே என்று ஆறு மாதத்துக்கான குளிசைகளை ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்துவிட்டீர்கள். பாலம் கட்டிய எஞ்சினியரான நீங்கள் மருந்து எழுதலாமா என்று எங்கள் வீட்டில் யார் கேட்பது? எனக்கு அன்றே பிடிக்கவில்லை. மூன்று கிழமைக்கொருமுறை விடிய எழும்பி, அம்மாவை ஓட்டோவில் ஏற்றிக் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சோதனைக்கு இரத்தம் கொடுத்து, அம்மாவின் பழைய மருந்தான வார்பரினை அரைக் குளிசை கூட்டி, அடுத்தமுறை அரைக் குளிசை குறைத்து, ஒரு பிடி வல்லாரைச் சம்பல் கூடிப்போனால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கி, இப்படியே ஒன்பது வருடம் போய்விட்டது. அந்த ஒன்பது வருடத்தில் நீங்கள் அனுப்பியது ஒரு பெட்டி. அம்மா அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தா.

போன ஞாயிறு மூக்கால் இரத்தம் வந்து நிற்கவேயில்லை. கை முழுக்க நீலம். வார்ட்டில் டொக்டர் பஹ்மிதா, வேறு ஏதும் மருந்து எடுக்கிறீங்களா அம்மா என்று கேட்டா. அம்மா கைப்பையைத் திறந்து உங்கள் பெட்டியை, பெரியவன் அனுப்பினது என்று பெருமையோடு எடுத்து நீட்டினா. காலையில் உங்களுடையது, பின்னேரம் வார்பரின். பதினொரு நாளாக இரண்டும்.

ஏனம்மா என்று கேட்டேன்.

“அவன் ஆசையா அனுப்பினதைப் போடாம விடுறதே? நீயும் பாவம், என்னோட அலையிறாய். ஆரை நான் நோகப்பண்ணுறது?”

டொக்டர் சிரிக்கவில்லை. “மகனுக்கு இதைக் குடுத்திருக்கிறாங்க எண்டா அவர்ட இதய வால்வு நல்லம். அம்மாட வால்வு சின்னதில வந்த வாதக்காய்ச்சலால சுருங்கியிருக்கு. துடிப்பு ஒரேமாதிரி எண்டாலும் மருந்து ஒண்டில்ல. இவங்களுக்குப் பழையதுதான்.”

அம்மா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டா. ஆனால் பெட்டியைத் தரமாட்டாவாம். பெரியவன் சொல்லட்டும், தாறன் என்கிறா. ஆகவே நீங்களே தொலைபேசி எடுத்து, அதை நிறுத்தச் சொல்லுங்கள். இன்னொருமுறை இரண்டையும் போட்டால் இரத்தம் மூக்கால்தான் வரும் என்றில்லையாம், மூளையிலும் கசியலாமாம்.

கதிரேசன் கோயிலில் உங்கள் பெயருக்கும் அர்ச்சனை செய்தோம். உங்கள் வால்வுகள் நூறு வயதுவரை இப்படியே இருக்கட்டும்.

பி.கு.: குடும்ப வட்ஸ்அப் குழுவில் “அம்மாவுக்கும் இதையே கொடுப்போம், எல்லாருக்கும் சம்மதமா?” என்று நீங்கள் கேட்டபோது முதலில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவன் நான்தான். களுபோவிலக்குப் போய்ப்போய் அலுத்திருந்தேன். பெட்டியை அம்மாவின் கையில் கொடுத்தவனும் நான்தான். அதனால் இதன் அடியில் பெயர் எழுதக் கை வரவில்லை. கையொப்பம் இல்லாமலே படம் எடுத்து உங்களுக்கு மட்டும் அனுப்புகிறேன்.