சாக்கு என்றால் போதும்

ஜூஜுவாடி,
புளியந்தோப்புக் கொட்டகை,
நந்தன வருஷம் தை மாதம் 19.

சிங்காரப்பேட்டை மாப்பிள்ளை ராஜப்பன் அவர்களுக்கு மாமனார் திம்மப்பன் எழுதிக்கொண்டது.

எனக்கும் என் ஆட்களுக்கும் சேர வேண்டிய நிவாரண ராகியை எதிர்க்கடை நாராயணப்பனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அநியாயத்தை முதலில் சொல்லியாகிவிட்டது, இனி க்ஷேம சமாசாரம். நானும் உங்கள் அத்தையும் உயிரோடு இருக்கிறோம். பிளேக் ஊசி போட்ட கை வீக்கம் வடிந்துவிட்டது. அங்கே நீங்களும் ருக்மணியும் குழந்தையும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்க அனுமந்தராயரை வேண்டுகிறேன். நாராயணப்பனுக்கு வீக்கமே வரவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிளேக்குக்காக ஊரைக் காலி செய்யச் சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. எல்லோரும் தோப்பில் கொட்டகை போட்டுக் கிடக்கிறோம். கடைகளெல்லாம் பூட்டு. ஊசிச் சீட்டு இல்லாதவனை மைசூர் எல்லையில் இறக்கிவிடுகிறார்கள், அதனால் பெங்களூர் பஸ் இங்கே நிற்காமல் ஓடுகிறது, பஸ் நிற்காவிட்டால் யார் இறங்கி சோடா குடிப்பது? என்னுடையதைச் சிலபேர் சோடாக் கடை என்கிறார்கள். அது பாக்டரி. மெஷின் இருக்கிறது, மெஷினைச் சுற்ற ஆஞ்சப்பன் இருக்கிறான், பாட்டில் கழுவ பாப்பம்மா இருக்கிறாள். இரண்டு பேருக்கு வேலை கொடுக்கிற இடம் பாக்டரி இல்லாமல் வேறு என்ன? நான் பள்ளிக்கூடம் பார்த்தவன் அல்ல, பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்தே மூன்று பாஷை எழுத்தும் கற்றேன். எனக்குத் தெரியும், பாக்டரி என்றுதான் எழுத வேண்டும்.

இந்த நாராயணப்பன் அத்திப்பள்ளியிலிருந்து வந்தவன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் எனக்கு நேர் எதிரே காபி கிளப் வைத்தான். உலகத்தில் வேறு இடமே இல்லை, பாருங்கள். பெஞ்சுக்குச் சாய்மானம் வைத்தான். காபி குடிக்கிற ஐந்து நிமிஷத்துக்குச் சாய்மானம் எதற்கு? ஆனால் ஜனங்கள் அங்கேதான் போகிறார்கள். பிளேக்கிலும் அதே கதைதான். என் பாக்டரியில் மூன்று எலி செத்து விழுந்தது. நானே போய் ஹெல்த் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவன் கிளப்பில் விழுந்தது ஒரே ஒரு எலி. ஊர் முழுக்க என்ன பேச்சு தெரியுமா? "நாராயணப்பன் கடை எலியால்தான் விஷயம் வெளியே வந்தது" என்று பேச்சு. என் மூன்று எலிக்கும் பெயரில்லை. கொட்டகைக்கு இடம் பிரித்துக் கொடுக்கும்போது அவனுக்குக் கிழக்கு வரிசை, நிழல். எனக்கு மேற்கு, வெயில். சீட்டுக் குலுக்கித்தான் போட்டார்கள், ஆனால் குலுக்கியது யார் என்று நான் கேட்க மாட்டேன், ஏனென்றால் குலுக்கியது நான்தான்.

சரி, ராகிக்கு வருகிறேன். மண்டிக்காரர்கள் சிலர் சேர்ந்து, பூட்டிய கடைகளுக்கும் அங்கே வேலை செய்தவர்களுக்கும் ராகி கொடுப்பது என்று ஒரு கமிட்டி வைத்தார்கள். உங்கள் சித்தப்பாவும் அதில் மெம்பர் என்று கேள்விப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன். கமிட்டியின் குமாஸ்தா ஒருவர் நோட்டும் பென்சிலுமாகத் தோப்புக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், நல்லவர்தான், ஆனால் கன்னடம் தெலுங்கு ஒன்றும் தெரியாது, நம் பக்கத்து வழக்கமும் தெரியாது. முதலில் என்னிடம்தான் வந்தார். அதுவே எனக்குப் பெருமையாக இருந்தது, எதிரே நாராயணப்பன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அய்யா, ஒங்க கடைக்கு ராகி வேணுமா?"

"எங்களுக்கு என்னாத்துக்குங்க? ஒண்ணும் வேணாங்க" என்றேன்.

நீங்களே சொல்லுங்கள். நம் பக்கத்தில் ஒரு மனுஷன் எடுத்த எடுப்பில் வேணும் என்பானா? சாப்பிட வாங்க என்றாலே இப்பத்தான் ஆச்சுங்க என்போம். இரண்டாம் தரம் கேட்டால் இருக்கட்டுங்க என்போம். மூன்றாம் தரம் கையைப் பிடித்து இழுத்தால்தான் உட்காருவோம். அந்தக் குமாஸ்தா ஒரே தரம் கேட்டார். நாக்கால் பென்சிலைத் தொட்டு "தி. சோடா, வேண்டாம்" என்று எழுதினார். நான் இரண்டாம் தரத்துக்கு முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்கிறேன், மனுஷர் நடந்து போயேவிட்டார்! நேரே நாராயணப்பன் கொட்டகைக்கு.

அவன் வாய் நிறைய வெற்றிலை. தமிழ் நன்றாகப் பேசுவான், ஆனால் வெற்றிலை போட்டுவிட்டால் கன்னடம்தான் வரும். குமாஸ்தா, "கடைக்கு நாலு படின்னு எழுதட்டுமா? போதுமா?" என்றார். இவன் கையை ஆட்டிக்கொண்டு "சாக்கு, சாக்கு" என்றான். மாப்பிள்ளை, உங்கள் ஊரில் கன்னடம் புழக்கமில்லை, அதனால் சொல்கிறேன். கன்னடத்தில் சாக்கு என்றால் போதும். போதும் போதும் என்றுதான் சொன்னான். குமாஸ்தாவுக்குத் தெரிந்த சாக்கு கோணிச் சாக்குதானே? "ரெண்டு சாக்கா! ஆளு அதிகமோ?" என்று ஆச்சரியப்பட்டு, எழுதியும் விட்டார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, வண்டியில் இரண்டு மூட்டை ராகி வந்து அவன் கொட்டகை வாசலில் இறங்கியது. வேண்டாம் என்ற எனக்கு வேண்டாம், போதும் என்ற அவனுக்கு இரண்டு மூட்டை. இதற்குப் பெயர் நிவாரணமா?

வண்டியோடு வந்த குமாஸ்தாவிடம் அவன் பேச்சுக்காவது ஒரு வார்த்தை சொன்னான் என்பதையும் எழுத வேண்டும், பொய் எழுதிப் பழக்கமில்லை. "சாமி, நான் கேக்கலீங்க, தப்பா எழுதிட்டீங்க" என்றான். குமாஸ்தா, "எழுதினது எழுதினதுதான். அடிச்சுத் திருத்தினா கமிட்டியில ஏன்னு கேப்பாங்க, நீரே வச்சுக்கிடும்" என்றுவிட்டார். நான் உடனே ஓடிப்போய், "அப்படின்னா என்னோட வேண்டாமையாவது திருத்துங்க, அது மரியாதைக்குச் சொன்ன வேண்டாம்" என்றேன். "வேண்டாமில மரியாதை வேண்டாம், மரியாதை இல்லாத வேண்டாம்னு ரெண்டு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். கேட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அந்தப் பஸ் அவருக்காக மட்டும் நின்றது.

இப்போது என் வயிற்றெரிச்சல் ராகிக்காக இல்லை. நானும் உங்கள் அத்தையும் இரண்டு வாயைக் காலத்துக்குத் தக்கபடி கட்டிக்கொள்வோம். ஆஞ்சப்பன் கதைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பெங்களூரில் ஒரு நூல் மில்லில் ஆள் எடுக்கிறார்களாம், வருகிற அமாவாசைக்குள் வரச் சொல்லி அவன் மச்சான் ஆள் அனுப்பியிருக்கிறான். ஊசிச் சீட்டும் கையில் இருக்கிறது. பாட்டிலை மெஷினில் மாட்டிச் சுற்றினால் காஸ் ஏறும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது சத்தத்தைக் கேட்டு அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். நான் ஒரு நாள் சுற்றினேன், மூன்று பாட்டில் வெடித்தது, ஒரு சில்லு இன்னும் கூரையில் நிற்கிறது. அவன் போனால் பிளேக் போன பிறகும் என் பாக்டரி திறக்காது. அவனைக் குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை, மூன்று குழந்தைகள். முதல் வாரம் வீட்டிலிருந்த நாலு படியை அவனுக்கும் பாப்பம்மாவுக்கும் பங்கிட்டேன். அடுத்த வாரம் என்னிடம் இருந்தது சோடாதான். ஆளுக்கு ஆறு பாட்டில் கொடுத்தேன். பாப்பம்மா வாங்கிக்கொண்டு சொல்கிறாள், "மொதலாளி, இதக் குடிச்சா ஏப்பமா வருது. சோறு தின்னவங்களுக்குத்தானே ஏப்பம் வரணும்? அக்கம்பக்கத்துல நாங்க விருந்து சாப்பிட்டோம்னு நெனைக்கிறாங்க." அதன் பிறகு மூன்று வாரமாக அந்தப் பக்கம் போகவே எனக்கு முகமில்லை. அவர்களும் கேட்டு வரவில்லை. எதிர் வரிசையிலோ நாராயணப்பனின் சர்வர் கங்கப்பன் களி தின்று மினுமினுவென்று உட்கார்ந்திருக்கிறான். வேலையும் இல்லாமல் சாப்பாடும் குறையாமல்! உங்கள் அத்தை, "போயி நாராயணப்பன்கிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன், குடுக்காமயா போவான்?" என்கிறாள். குடுத்துவிடுவான், மாப்பிள்ளை. அதுதான் எனக்குப் பயம்.

ஆகையால் நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சித்தப்பா இந்தக் கடிதத்தைக் கமிட்டியில் உரக்கப் படிக்க வேண்டும். கமிட்டித் தலைவர், பூட்டிய கடையில் முதலாளியைக் கேட்காமல் வேலைக்காரனை நேரில் கேட்டு, தலைக்கு இத்தனை படி என்று அளக்கச் சொல்ல வேண்டும். முதலாளிக்குக் கௌரவம் இருக்கும், வேலைக்காரனுக்குப் பசி இருக்கும். குமாஸ்தா இனிமேல் எதையும் மூன்று தரம் கேட்க வேண்டும், இரண்டு கன்னட வார்த்தையாவது கற்க வேண்டும். பஸ்காரர்கள் தடை நீங்கியதும் ஒரு மாதம் என் பக்கமாக நிறுத்த வேண்டும். நாராயணப்பன் ஒரு மூட்டையைத் தன் தோளிலேயே சுமந்து, பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, என் கொட்டகையில் இறக்க வேண்டும். நான் வேண்டாம் என்பேன். அவன் மூன்று தரம் கேட்க வேண்டும்.

ருக்மணிக்கும் பேரனுக்கும் என் ஆசி. ஊசிக்குப் பயப்படாமல் கையை நீட்டச் சொல்லவும். எலி தென்பட்டால் தொடவேண்டாம், இன்ஸ்பெக்டரிடம் சொல்லவும், யார் கடை எலி என்று எழுதி வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மு. திம்மப்பன்,
சோடா பாக்டரி.

பின் குறிப்பு: மேலே உள்ளதைக் கமிட்டியில் படிக்க வேண்டாம். உங்கள் சித்தப்பாவிடம் காட்டவே வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது ஆஞ்சப்பன் வந்தான். நேரே காலில் விழுந்தான். "மொதலாளி, மில்லுக்கு வரலேன்னு சொல்லி அனுப்பிட்டேன். இந்தக் கஷ்டத்துலயும் வாராவாரம் எனக்கும் பாப்பம்மாளுக்கும் ராகி அனுப்புறீங்களே, ஒங்கள உட்டுட்டு எப்பிடிப் போவேன்?" என்று அழுகிறான். நான் எங்கே அனுப்பினேன்? மெதுவாக விசாரித்தால், ஒவ்வொரு திங்கட்கிழமையும் நாராயணப்பன் கூடையில் கொண்டுபோய், "ஒங்க மொதலாளி குடுக்கச் சொன்னாரு, அவருகிட்ட போயி ஒண்ணும் கேக்காதீங்க, கூச்சப்படுவாரு" என்று சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறான். என்ன அநியாயம் பாருங்கள்! இல்லை என்று சொன்னால் ஆஞ்சப்பன் போய்விடுவான். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். நல்லது செய்வதிலும் எனக்கு முன்னாலேயே எதிரே கடை போட்டுவிட்டான்.

இனி நடக்க வேண்டியது இவ்வளவுதான். நீங்கள் உடனே உங்கள் களத்து ராகியில் ஒரு மூட்டை கட்டி அனுப்ப வேண்டும். அதைக் கங்கப்பன் கொட்டகையில் இறக்கி, "ஒன் மொதலாளி அனுப்புனாரு" என்று நான் சொல்ல வேண்டும். அவன் வயிறு ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, அது வேறு விஷயம். அவன் நாராயணப்பனிடம் போய் நன்றி சொல்ல வேண்டும். அப்போது நாராயணப்பன் விழிப்பதை நான் எதிரே நின்று பார்க்க வேண்டும். அவன் கொடுத்தது இதுவரை எத்தனை படி என்று ஆஞ்சப்பனிடம் நைசாகக் கேட்டுக்கொண்டேன், முப்பத்தாறு. உங்கள் மூட்டையில் முப்பத்தேழுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளவும்.