லேத் மெஷினுக்குக் கிரகப்பிரவேசம்

என் பாடத்துக்கு வெப் பேஜ் போட்டேன். அது கிரகப்பிரவேசப் பத்திரிகை ஆகிவிட்டது.

சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் ஆவடியில் ஃபேக்டரி வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். இப்போது நசரத்பேட்டை தாண்டி ஒரு காலேஜில் பசங்களுக்கு இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். இது இல்லையென்றால் பகலெல்லாம் வீட்டில் இருக்கவேண்டும். அங்கே என் சம்சாரம் இருக்கிறாள். ரெண்டு பேர் உடம்புக்கும் ஆகாது.

போன வாரம் ஹெச்.ஓ.டி. மேடம் கூப்பிட்டார்.

"சார், எல்லாப் பாடத்துக்கும் வெப் பேஜ் வேணும். திங்கக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வருது."

"லேத்துக்கு எதுக்கும்மா பேஜ்? அதான் லேத்தே இருக்கே."

"பேஜ் இல்லாத பாடத்தை அடுத்த செமஸ்டர் எடுத்துடுவாங்க சார்."

பாடத்தை எடுத்தால் என்னையும் எடுத்த மாதிரி. சரி என்றேன்.

காட்டுப்பாக்கத்தில் எங்கள் மேல்வீட்டு கார்த்திக் ஐ.டி.யில் இருக்கிறான். போய் நின்றேன்.

"அங்கிள், எங்க கிரகப்பிரவேசத்துக்கு ஒரு பேஜ் பண்ணேன். காப்பி போட்டுத் தரேன். பேரு, போட்டோ மட்டும் மாத்திக்குங்க. முடிச்சதும் எனக்கு ஒருவாட்டி காட்டுங்க."

"எதுக்கு? எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

உட்கார்ந்தேன். நிகழ்ச்சி என்ன என்று பேஜ் கேட்டது. லேத் செய்முறை. நாள்? திங்கள். நேரம்? காலை ஒன்பதரை. இடம்? ஒர்க்‌ஷாப். அழைப்பவர்? என் பெயர். எல்லாம் காலேஜில் கேட்கிற கேள்விதானே!

கார்த்திக்கும் அவன் மனைவியும் நின்றிருந்த போட்டோவை எடுத்துவிட்டு லேத்தின் போட்டோவைப் போட்டேன். அதைச் சுற்றி மாவிலைத் தோரணம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

கீழே இன்னும் என்னவோ எழுதியிருந்தது. கீழே இருப்பதை யார் படிப்பார்கள்? நானே படிக்கவில்லை.

பசங்க குரூப்பில் லிங்க்கைப் போட்டேன். வாத்தியார் அனுப்பியதை அந்தப் பசங்க கடைசி வரி வரைக்கும் படித்தது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். படித்தது போதாதென்று வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை கமிட்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. தலைவர் டை கட்டியிருந்தார். மேடம் பெருமையாக என் பேஜைப் பெரிய திரையில் திறந்தார்.

நாதஸ்வரம்!

சத்தியமாக எனக்குத் தெரியாது. என் போனில் சத்தத்தை எப்போதும் அணைத்தே வைத்திருப்பேன். திரையில் மேலிருந்து பூ கொட்டுகிறது. நடுவில் லேத். மேடம் நிறுத்தப் பார்க்கிறார், தவில் சேர்ந்துகொள்கிறது.

தலைவர் மெதுவாக வாய்விட்டுப் படித்தார். "உற்றார் உறவினருடன் வந்திருந்து சிறப்பிக்க வேண்டுகிறோம். காலைச் சிற்றுண்டி உண்டு. அன்பளிப்பைத் தவிர்க்கவும்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் லேத்தைப் பார்த்தேன்.

அப்போது வாட்ச்மேன் உள்ளே ஓடிவந்தான். "சார், உங்க பங்ஷனுக்கு ஆளுங்க வந்துகினே கீறாங்க. எங்க உக்கார வெக்கிறது?"

எட்டிப் பார்த்தேன். பெற்றோர் கூட்டம். பட்டுப்புடவை, வேட்டி, இடுப்பில் குழந்தை. முன்னால் வந்தது, சேக்காட்டிலிருந்து வரும் என் மாணவன் மணியின் அம்மா விஜயா. கையில் பழத்தட்டு. தட்டில் ஒரு சுவர்க் கடிகாரம்.

"அன்பளிப்பு வாணாம்னு போட்டிருந்தீங்க சார். அதான் சின்னதா வாங்கினு வந்தேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன கூட்டம் இது? வகுப்பு நேரத்துல யார் இவங்களைக் கூப்பிட்டது?"

நான் வாயைத் திறக்கப் போனேன். திறந்திருந்தால் உண்மை வந்திருக்கும். அன்றோடு வேலையும் போயிருக்கும்.

விஜயா முந்திக்கொண்டாள். "இன்னா சார் இப்டி கேக்குற? புள்ளைங்க இன்னா பட்ச்சிகினு கீதுன்னு பாக்கக் கூப்ட்டாங்க, வந்தோம். ஃபீஸ் கட்ட மட்டும்தான் எங்களைக் கூப்புடணுமா?"

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"டேய் மணி, இன்னா முழிக்கிற? அந்த மெஷினை ஓட்டிக் காட்டுடா!"

மணி ஓட்டினான். இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. பெற்றோர் கைதட்டினார்கள். அடுத்து ஒருத்தன், அவனுக்கும் கைதட்டல். நாதஸ்வரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கேன்டீனிலிருந்து இட்லி வரவழைத்தோம், பேஜில் போட்டது போட்டதுதானே. தலைவரும் வடையோடு சாப்பிட்டார்.

போகும்போது ரிப்போர்ட்டில் எழுதினார்: "பெற்றோரை வகுப்புக்கே அழைக்கும் புதிய முயற்சி. பாராட்டத்தக்கது."

மேடம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த செமஸ்டரும் நீங்கதான் சார். பேஜை மட்டும் தொடாதீங்க."

காலேஜ் கேட் பக்கத்தில் விஜயாவைப் பிடித்தேன். "ஏம்மா, நெஜமாவே படிப்பைப் பாக்கக் கூப்பிட்டோம்னா நெனச்ச?"

"அய்ய! லேத்துக்குத் தோரணம் கட்டியிருந்தப்பவே தெரியும் சார், நீ எதையோ சொதப்பிட்டேன்னு. லீவு போட்டு, புடவை கட்டிகினு வந்தாச்சு. சும்மா திரும்பிப் போவ முடியுமா?"

வேலை இருக்கிறது. உபயம்: சேக்காடு விஜயா.