இருநூறு கோடி கன அடி

இமயமலையை அளந்தவர்கள் அதன் உயரத்தை மட்டும் அளந்துவிட்டுப் பேர் வாங்கிக்கொண்டார்கள். பாலாற்றை அளந்த நாங்களோ நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து, பெருக்கியும் காட்டினோம். அந்த மாபெரும் சாதனையில் பென்சில் பிடித்த குமாஸ்தா என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

1961-இல் ஆம்பூருக்குக் கிழக்கே ஆற்றோரத் தெரு ஒன்றிலிருந்து மனு வந்தது. தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீர் ஊறிக் கிணறெல்லாம் உப்புக் கரிக்கிறது, குழந்தைகளுக்குச் சிரங்கு வருகிறது என்று மஹ்பூபி என்ற பெண்மணி கைநாட்டு வைத்திருந்தார். சாதாரண சர்க்காராக இருந்தால் கிணற்றைப் போய்ப் பார்த்திருக்கும். எங்கள் சர்க்கார் 'விரிந்த நோக்கு' உடையது. ஆற்று மணலுக்கடியில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்கெடுக்க, உதவிப் பொறியாளர் பக்தவச்சலம் தலைமையில் ஒரு குழுவைப் போட்டது.

பதினான்கு மாதம் அளவுச் சங்கிலி இழுத்தோம். பன்னிரண்டு மைல் நீளம், அரை மைல் அகலம், நாற்பதடி மணல். அதில் பத்தில் மூன்று பங்கு நீர். ஆக 200,72,44,800 கன அடி. கடைசி எண்ணூறை விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"யோவ், அது பொதுமக்கள் தண்ணிய்யா!" என்று பக்தவச்சலம் கண் கலங்கினார். கலங்கியபடியே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அது ஆலங்காயத்திலிருந்து ஜீப்பில் வந்தது. முகாமில் வேறு தண்ணீரை யாரும் தொடுவதில்லை.

டேனரிகள் விடுவது நாளொன்றுக்கு இருபதாயிரம் கன அடி. லட்சத்தில் ஒரு பங்கு! இந்த நற்செய்தியைச் சொல்ல மஹ்பூபியை வரவழைத்தோம். இடுப்பில் மகள் சைரா. கை கால் முழுக்கச் சிரங்கு.

"லட்சத்துல ஒண்ணுதாம்மா. இருக்கறதே தெரியாது" என்றார் பக்தவச்சலம்.

"புள்ளைக்குத் தெரியுதே சார். நாளெல்லாம் சொறிஞ்சிக்கினு பேஜார் பண்றா. தெனம் விடறாங்களே, நாளாவ நாளாவ ஜாஸ்தி ஆவாதா?"

"நாள் எங்க இலாகா இல்லம்மா. நாங்க கன அடி மட்டுந்தான்."

"சரி, என் கெணத்துல எவ்ளோ கலந்திருக்குது?"

"உன் கெணறு எத்தினி கன அடி?"

"அதெல்லாம் இன்னா தெரியும் சார்? ரெண்டாள் ஆழம் தண்ணி இருக்கும்."

பக்தவச்சலம் உண்மையான வருத்தத்தோடு பதிவேட்டைப் புரட்டினார். "கோடிக்குக் கீழ எழுதக் கட்டமே இல்லியேம்மா."

அந்த வாரமே மேலிடத்து உத்தரவு வந்தது: இனி எல்லாம் மெட்ரிக் அளவு. ஆற்றைக் கன மீட்டராக மாற்றினேன். ஐந்து கோடியே அறுபத்தெட்டு லட்சம் என்று வந்தது.

"மீதி நூத்தித் தொண்ணூத்தஞ்சு கோடி எங்கய்யா போச்சு?"

"மீட்டராப் பூடுச்சி சார்."

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பதினான்கு மாத உழைப்பு இப்படிச் சுருங்கினால் யார் மதிப்பார்கள்? அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. ஆற்றைக் கன அடியிலேயே இருக்க விட்டேன். கழிவுநீரை மட்டும் மீட்டருக்கு மாற்றினேன். இருபதாயிரம், ஐந்நூற்று அறுபத்தாறாக இளைத்தது. லட்சத்தில் ஒரு பங்கு என்பது முப்பத்தைந்து லட்சத்தில் ஒரு பங்காயிற்று. ஒரு டேனரியையும் தொடாமல், ஒரு சொட்டு நீரையும் வடிகட்டாமல், பாலாற்றை முப்பத்தைந்து மடங்கு சுத்தம் செய்தவன் நான்!

வேலூர்க் கூட்டத்தில் 'அறிவியலின் வெற்றி' என்று கை தட்டினார்கள். பக்தவச்சலம் செயற்பொறியாளரானார். நான் தலைமைக் குமாஸ்தா.

முடிவை மஹ்பூபியிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். அவர் மாட்டுவண்டியில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தஞ்சு லட்சத்துல ஒண்ணா? அவ்ளோ கம்மி ஆயிடுச்சா? எதுல சார்?"

"கணக்குல" என்றேன்.

"அப்ப நீங்க கணக்கையே குடிங்க. நாங்க திமிரிக்குப் போறோம்" என்று சைராவைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், 'குடிநீர் குறித்துப் புகார் செய்வோர்' என்ற இடத்தில் 'எவருமில்லை' என்று எழுதினேன். பொய் எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. அந்தத் தெருவின் பத்தொன்பது வீட்டுப் பூட்டுகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்த பிறகுதான் எழுதினேன்.