மூன்றாம் கூட்டம்

கம்ப்யூட்டர் திரையில் தன் புருஷன் மூன்றாம் கூட்டத்தில் இருப்பதைப் பார்த்ததும் புள்ளியியல்காரிக்குப் பகீரென்றது.

பீங்கான் தட்டுக் கம்பெனியில் அவளுக்கு அதுதான் வேலை. எந்த லாரியில் உடைசல் அதிகம் திரும்பி வருகிறது, ஏன் வருகிறது என்று, எது எதற்குக் காரணம் என்பதைப் பிரித்துக் காட்டும் ரெக்ரஷன் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். டிரைவர், வண்டி, பெட்டி, கடை என்று வகைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அத்தனையையும் தனித்தனியாக வைத்தால் கணக்கு திக்குமுக்காடிப் போகும். அதனால் ஒரே மாதிரி விளைவு காட்டுகிறவர்களைச் சேர்த்துச் சுருக்கினாள். டிரைவர்கள் மூன்று கூட்டமானார்கள். மூன்றாவதில்தான் உடைசல் கொட்டியது. அதில் மொட்டை, நெட்டை, இவள் புருஷன்.

"மொட்டைக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சாப்பிடும்போது கேட்டாள்.

"ஒண்ணுமில்லையே. ஏன்?"

"சும்மாதான்."

சும்மா இல்லை. மறுநாள் மொட்டையிடம் தன் புருஷனைப் பற்றி விசாரித்தாள்; ரோடு மோசமாக இருக்குமோ என்று பாதையையும் சேர்த்துப் பார்த்தாள். மூவருக்கும் வேறு வேறு பாதை, வேறு வேறு வண்டி. பழி இன்னும் இறுக்கமாக அவர்கள் மேலேயே விழுந்தது.

சரி, இரண்டு கூட்டமாகச் சுருக்கினால் இவர்கள் கும்பலோடு கும்பலாகக் கரைந்துவிடுவார்கள் என்று நினைத்தாள். ஆனால் முதலிரண்டு கூட்டங்களும் ஒன்றாகிவிட்டன. மூவர் மட்டும் தனியாக நின்றார்கள்.

பின்னால் நின்ற மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார். "மூணே பேர்தானா? நாளைக்கே வேலையை விட்டு அனுப்பிடலாம்."

"கொஞ்சம் பொறுங்க சார்."

"ஏம்மா, அதுல யாராவது உனக்குச் சொந்தமா?"

வீட்டில் புருஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "என்னைப் பத்தி மொட்டைகிட்ட விசாரிச்சியாமே?"

"மூணு பேரும் வழியில எங்கயாவது உக்காந்து குடிக்கிறீங்களா?"

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான். போகும்போது கதவைக்கூட அறையவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

காலையில் மேனேஜர் வருவதற்குள், எல்லாப் பாதையும் வந்து சேரும் மொத்தக் கடையில் எல்லா டிரைவர்களிடமும் தட்டுப் பெட்டி வாங்கும் கடைக்கார அம்மாவுக்கு போன் போட்டாள்.

"அக்கா, மறைக்காமச் சொல்லுங்க. அந்த மூணு பேரும் மத்தவங்க பண்ணாத எதையோ பண்றாங்க. என்ன அது?"

"அவங்க மட்டும்தாம்மா பெட்டியைப் பிரிச்சுக் காட்டி, உடைஞ்சதைத் திருப்பி எடுத்துட்டுப் போறாங்க. மத்தவங்கல்லாம் கையெழுத்து வாங்கினதும் ஓடிடுறாங்க."